கொல்லிமலையில் ஊர்ப்பெயர் கேட்ட கதை

ஞாயிறு, காலை 6.15. நாமக்கல்லில் கொல்லிமலை வண்டியில் ஏறும்போதே எனக்குப் பாதிக் கோபம். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய திறந்த வரைபடம் ஒன்றில் சிற்றூர்களின் பெயர்களை ஏற்றும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்கிறவள் நான். கொல்லிமலைப் பக்கம் அந்த வரைபடம் பெரும்பாலும் வெறும் பச்சை. நேரில் போய்க் கேட்டு, செல்போன் செயலியில் பதிந்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். அந்தச் செயலியோ தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, நான் செய்துவைத்திருந்த ஏற்பாடுகளையெல்லாம் விழுங்கியிருந்தது.

காரவள்ளியில் மலை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியிலேயே சிக்னல் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் ஏறியதும் பக்கத்து இருக்கைக்காரர் வாந்தியோடு என் மடியைத் தாண்டி ஜன்னலுக்குப் பாய்ந்தார். சோளக்காட்டில் டீ பன்னிரண்டு ரூபாய், அன்னாசித் துண்டு இருபது. செம்மேட்டில் இறங்கும்போது 8.50. அங்கிருந்து ஆட்டோ பிடித்து, தேவனூர் நாடு என்ற ஊராட்சியில் ஒரு சிற்றூருக்குப் போனேன். ஊர்ப்பெயர், தூரம், திசை எல்லாம் சொல்வதுதான் பயணக் கட்டுரைக்கு முறை. இந்த ஊருக்கு மட்டும் சொல்லப்போவதில்லை. ஏனென்று படித்தால் தெரியும்.

9.40. மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவரிடம் தொடங்கினேன்.

“இந்த ஊர் பேரு என்னங்கண்ணா?”

“எதுக்குங்க?”

“மேப்புல போடறதுக்கு.”

“பேரெல்லாம் தெரியாதுங்க” என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிறந்து வளர்ந்த ஊரின் பெயர் தெரியாதாம்! மிளகு காய வைத்துக்கொண்டிருந்த பெண், “அவிகளக் கேளுங்க” என்று பூட்டிக் கிடந்த வீட்டைக் காட்டினார். குழாயடியில் கேட்டால், “மலைங்க” என்றார்கள். அடக் கடவுளே, எழுபது வளைவு ஏறி வந்தவளுக்கு அது மலை என்று தெரியாதா? பதினோரு மணிவரை கல்லில் நார் உரித்தேன். செயலியில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை.

அப்போதுதான் குழாயடிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பூங்கொடி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“ஏனுங்க அம்மிணி, இதப் போட்டது நீங்கதானா?”

அதே திறந்த வரைபடம், சிக்னல் கிடைத்தபோது படம்பிடித்து வைத்தது. ஊருக்கு மேலே ஒரு புள்ளி: ‘சீக்ரெட் ஃபால்ஸ்’. ரகசியம் என்று பெயர் வைத்து உலகத்துக்கே கூவியிருக்கிறான் ஒரு புண்ணியவான்.

“நான் இல்லீங்க்கா.”

“யாரு போட்டா என்னங்க, அது எங்க குடிதண்ணி. ஞாயித்துக்கெழமையானா பைக்குல வாராங்க, பாட்டல ஒடச்சுப் போடறாங்க. போன வாரம் எம்புள்ள காலு கிழிஞ்சு ஆறு தையலுங்க. பைப்பையும் மிதிச்சு ஒடச்சுட்டாங்க, ஊருக்கே தண்ணியில்ல. மொதல்ல இத அழிங்க. அப்பறம் பேரு கேளுங்க.”

எனக்குச் சட்டம் பேசும் வியாதி உண்டு. நிலத்தில் இருப்பதை வரைபடத்திலிருந்து அழிக்கக் கூடாது என்பது எங்கள் விதி என்றேன்.

“உங்கூட்டுத் தண்ணித்தொட்டிக்கு ஊரான் பேரு வெச்சு, குளிக்க வாங்கன்னு போட்டா உட்ருவீங்களா?”

என்னை அந்த ஊற்றுக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தண்ணீர் ஓர் ஆள் உயரத்திலிருந்துதான் விழுந்தது. கீழே ஷாம்பு உறைகள், சிப்ஸ் பொட்டலங்கள், பச்சைக் கண்ணாடிச் சில்லுகள். உடைந்த குழாயில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. விதியாவது, மண்ணாங்கட்டியாவது! அந்தப் பெயரைத் தூக்கினேன். சுற்றுலா இடம் என்றிருந்ததைக் குடிநீர் ஊற்று என்று மாற்றினேன். பாதைக்கு ஊராரின் அனுமதி வேண்டும் என்று குறித்தேன். ஏற்றுவதற்குச் சிக்னல் வேண்டுமே! பாறை பாறையாக ஏறி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, 1.20க்கு ஒருவழியாக ஏற்றிவிட்டேன்.

பிறகு பாருங்கள், பெயர்கள் கொட்டின. ஊர்ப்பெயர், ஓடைப்பெயர், ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு பெயர். “தெரியாதுங்க” என்ற அதே மனிதர், தன் காட்டுப் பாறையின் பெயரை நான் விட்டுவிட்டேன் என்று சண்டைக்கு நின்றார்.

2.45. கீழே பைக் சத்தம். ஐந்து வண்டிகள். பூங்கொடி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“அழிச்சீங்களா, இல்லீங்களா?”

“சத்தியமா அழிச்சுட்டேங்க்கா.” என் போனைக் காட்டினேன். அதில் இல்லை. முன்னால் வந்த இளைஞனின் போனில் மட்டும் சீக்ரெட் ஃபால்ஸ் பளிச்சென்று இருந்தது.

“மேல சிக்னல் இருக்காதுன்னு போன மாசமே டவுன்லோட் பண்ணிட்டோம் அக்கா” என்றான்.

தலையில் அடித்துக்கொண்டேன். மலைக்குப் போகுமுன் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று பயிற்சி வகுப்புகளில் தொண்டை வற்றக் கத்துகிறவளே நான்தான். “அது பழசு தம்பி, அப்டேட் பண்ணு” என்றால், “நெட் இல்லையே அக்கா” என்கிறான்.

பூங்கொடி இந்தப் பேச்சுக்கெல்லாம் நிற்கவில்லை. கொடுவாளால் இண்டு முள்ளை வெட்டி இழுத்துவந்து பாதைக்குக் குறுக்கே போட்டார். முள் போட்டிருந்தால் அந்த வழியில் போகக் கூடாது என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். நானும் ஒரு கிளையை இழுத்தேன், உள்ளங்கையெல்லாம் கீறல்.

“மேப்புல வழி இருக்குதே” என்றான் அவன், விடாமல்.

“அப்ப மேப்பு மேலயே ஓட்டிட்டுப் போ சாமி” என்றார் பூங்கொடி.

அதற்குள் ஊரே பின்னால் வந்து நின்றுவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே வண்டிகளைத் திருப்பினார்கள்.

மாலைப் பேருந்துக்குப் பூங்கொடி கூடவே வந்தார். நாமக்கல்லில் எங்கள் தெருவின் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை என்று கூரியர்காரரோடு நான் போடாத சண்டை கிடையாது. இங்கே பெயர் இருப்பதால் சண்டை. வண்டி கிளம்பும்போது அவர் ஜன்னலருகே வந்தார்.

“அந்தப் பழைய மேப்பு இன்னும் எத்தன பேரு போன்ல இருக்கும் அம்மிணி?”

தெரியாதுங்க்கா என்றேன். அதைக் கண்டுபிடிக்க வழியும் இல்லை என்றேன்.

“அப்ப வாரா வாரம் முள்ளு வெட்டோணும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.