மெஸ் ராஜாராமனின் கொள்ளுப்பேரன்

மஹாதேவன் எவரையும் எளிதில் மதித்துவிட மாட்டார். எழுபத்திரண்டு வயதில் அவர் மதிப்பவர்களின் பட்டியலை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிவிடலாம். கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில், கப்பல் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஏஜென்சி ஒன்றில், முப்பத்தாறு ஆண்டுகள் அவர் பார்த்த வேலை அப்படிப்பட்டது. காகிதத்தில் ஒரு பொருள், பெட்டிக்குள் வேறொரு பொருள் என்று வருபவர்களை நாள்தோறும் பார்த்தவர். பெட்டியைத் திறந்து கண்ணால் பார்க்காமல் எந்தத் தாளிலும் அவர் கையெழுத்திட்டதில்லை. அதனால் இரண்டு முறை பதவி உயர்வு தவறிப்போயிற்று. தவறியதில் அவருக்கு வருத்தமில்லை. உயர்வு பெற்றவர்களைப் பார்த்தால்தான் சிரிப்பு வந்தது.

அவருடைய சிரிப்புக்கு அண்மைக் காலத்தில் வாரம் தவறாமல் தீனி போட்டது, புகழ்பெற்றவர்களின் பூர்வீகத்தைத் தேடிச் செல்லும் ஒரு தொலைக்காட்சித் தொடர். ஞாயிறுதோறும் ஒரு பிரபலம் காரில் ஏறுவார்; ஏதோ ஓர் ஊரில் இறங்குவார்; பழுப்பேறிய தாளொன்றை எவரோ நீட்டுவார்கள்; பிரபலம் அதைப் படிக்காமலேயே அழுவார். ஜாதவ்பூரில் அவர்கள் குடியிருந்த இரண்டு அறை ஃப்ளாட்டில் மனைவி சாவித்ரி அதை விடாமல் பார்த்தாள். மஹாதேவன் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு விடாமல் கேட்டார்.

"இவாளோட வம்சத்துல ஒருத்தன்கூடச் சோம்பேறி இல்லையாடி? எல்லாருமே குதிரைமேலேயே பொறந்திருக்கா!"

"உங்க வம்சத்துல குதிரை கிடையாது. வாய்தான்," என்பாள் சாவித்ரி.

அந்தத் தொடர் அவர் வீட்டுக் கதவையே வந்து தட்டும் என்று இருவரும் நினைத்ததில்லை. ஆவணி மாதத்தில் ஒரு நாள், தமிழர் சபாவின் செயலாளர் ஸ்ரீநிவாஸ் தொலைபேசியில் கூவினார். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய மனிதர்களின் பெயரைச் சொல்லும்போதே எழுந்து நின்றுவிடும் குரல் அவருடையது.

"மஹாதேவன் ஸார்! ஆக்டர் ஜெயந்த் இருக்காரோல்லியோ, அவரோட கொள்ளுத்தாத்தா நம்ம கல்கத்தாவுல இருந்தவராம்! உங்காத்துல ஏதோ காகிதம் இருக்குன்னு சொன்னேன். நாளைக்கு அவா வரா!"

காகிதம் இருந்தது. அதற்குரிய கதையும் இருந்தது.

தெற்குக் கல்கத்தாவில் தென்னிந்தியப் பிரம்மச்சாரிகளுக்காக அந்நாளில் நடந்த மெஸ் ஒன்றில் ராஜாராமன் என்பவர் முப்பது ஆண்டுகள் சமையற்காரராக இருந்தார். அவர் அனுப்பிய மணியார்டரில் பிள்ளைகள் இருவரும் படித்தனர். மூத்தவர், ஜெயந்தின் தாத்தா, பம்பாயில் பெரிய உத்தியோகத்துக்கும், பின்பு சொந்தக் கம்பெனிக்கும் உயர்ந்தார். உயர உயரத் தகப்பனாரின் கரண்டி அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். அப்பா கல்கத்தாவில் வியாபாரம் செய்கிறார் என்றே வெளியில் சொல்லிவந்தார். 1963-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ராஜாராமன் மெஸ்ஸின் பின்கட்டில் இறந்துபோனார். அவர் கையால் பல ஆண்டுகள் சாப்பிட்ட மஹாதேவனின் தகப்பனார் பம்பாய்க்குத் தந்தி அடித்தார். ஒரு நாள் காத்திருந்தார். பிறகு தாமே கொள்ளி வைத்தார். ஒன்பதாம் நாள் மூத்தவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது.

அந்த அட்டையைத்தான், மறுநாள் மும்பையிலிருந்து வந்த மாதவி என்னும் ஆராய்ச்சிப் பெண் கையில் வாங்கினாள். தொடருக்குத் தகவல் திரட்டுவது அவள் பணி. தமிழ் படிக்கத் தெரிந்தவள். படித்தாள்.

"தந்தி கிடைத்தது. ஆபீஸில் ஆடிட் நடப்பதால் புறப்பட இயலாது. ஆக வேண்டியதைத் தாங்களே பார்த்துக்கொள்ளவும். அவருடைய சாமான்கள் எதையும் அனுப்ப வேண்டாம்."

மாதவி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்று நம்பியவளைப் போல.

"அங்கிள், இது கொஞ்சம் ஹார்ஷா இருக்கு."

"நான் எழுதலையே அம்மா."

"ஜெயந்தோட தாத்தா ரொம்பப் பெரிய ஆள். அப்பா எங்கே போனார்னு தெரியாம கடைசி வரைக்கும் தேடினேன்னு அவரே பேட்டியில சொல்லியிருக்கார். எங்க எபிசோடே அதுதான்."

"தேடினவரோட கையெழுத்துதான் இது. எங்காத்து விலாசம்கூடத் தப்பில்லாம எழுதியிருக்கார் பாரு."

சாவித்ரி காபியைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் உள்ளே போகவில்லை. மாதவி குரலைத் தணித்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. மஹாலய அமாவாசையன்று கங்கைக் கரையில் ஜெயந்த் கொள்ளுத்தாத்தாவுக்குத் தர்ப்பணம் செய்வதைப் படமெடுக்கிறார்கள். அங்கே மஹாதேவன் கேமராவைப் பார்த்து, 'குடும்பத்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லை' என்று சொன்னால் போதும். சமையற்காரர் என்ற சொல்லையும் தவிர்த்துவிடலாம். 'தென்னிந்திய உணவை வங்காளத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

"அவர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டி," என்றார் மஹாதேவன். "அதையும் ஹௌரா ஸ்டேஷன்லயே எவனோ தூக்கிண்டு போயிட்டான்."

அவள் போன பிறகு அவர் அந்த ஒரு வரியைப் பெட்டியைத் திறப்பதுபோல் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். தகவல் சொல்லவில்லை என்றால், சொல்லாதவர் யார்? ஊரான் வீட்டுப் பிணத்தை, பெற்ற பிள்ளைகளுக்குத் தெரிவிக்காமல் எரித்தவர் யார்? தம் தகப்பனார்தாமே! தந்திக்குக் கைக்காசு கொடுத்து, வேலைக்கு விடுப்புப் போட்டு, முன்பின் உறவில்லாத ஒருவருக்குப் பதின்மூன்று நாள் காரியத்தையும் செய்தவர். அவரை நாடு முழுவதும் பார்க்கும் படத்தில் பிணம் மறைத்தவராக்க வேண்டும். அதையும் அவர் பிள்ளையின் வாயாலேயே.

மறுநாள் ஸ்ரீநிவாஸ் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஒரு வரிதானே ஸார்! நம்ம சபா ஹால்ல ஜெயந்த் குத்துவிளக்கு ஏத்தறேன்னிருக்கார். செத்துப்போனவருக்கு இதுல என்ன நஷ்டம்?"

"உசிரோட இருக்கற எனக்கு நஷ்டம். நான் எப்பவும்போல அமாவாசைக்குப் படித்துறைக்கு வருவேன். கேட்டா, கார்டுல இருக்கறதைச் சொல்லுவேன்."

"நீங்க மாறவே மாட்டேள்."

"நீங்க எத்தனை தடவை மாறியிருக்கேள்னு கணக்கு வெச்சிண்டிருக்கேளா?"

மஹாலயத்தன்று விடியும்போதே படித்துறையில் கூட்டம் நெரிந்தது. வங்காளிகள் குடும்பம் குடும்பமாக இடுப்பளவு நீரில் நின்று நீர் வார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்துப் படிகளைக் கயிறு கட்டித் தனியாக்கி, இரண்டு கேமராக்களும் முப்பதுக்கு மேற்பட்ட ஆட்களும் நின்றார்கள். நடுவில் ஜெயந்த், பாக்குப் பொடி நிறப் பட்டில் பஞ்சகச்சம். அதை உடையலங்காரக்காரர் ஊசிகளைக் குத்தி நிறுத்தியிருந்தார். பக்கத்தில் தும்பைப் பூப்போன்ற தாடியுடன் ஒரு புரோகிதர். அவரை மஹாதேவனுக்குத் தெரியாது. கேட்டபோது, டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் முனிவர் வேடம் போடுபவர் என்றார்கள். சபாவின் வாத்தியாருக்குக் கேமராவில் முகம் எடுபடவில்லையாம்.

மாதவி அவரை ஜெயந்திடம் அழைத்துச் சென்றாள். நடிகர் அழகாகக் கைகூப்பினார். மஹாதேவன் முதன்முதலாகச் சந்திக்கும் எவரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"அப்பா சௌக்கியமா?"

"சூப்பரா இருக்கார் அங்கிள். புனேல இருக்கார். இந்நேரம் கோல்ஃப் ஆடிண்டிருப்பார்."

மஹாதேவன் திரும்பி ஸ்ரீநிவாஸைப் பார்த்தார். ஸ்ரீநிவாஸ் கங்கையைப் பார்த்தார்.

"ஏன்யா, உமக்குமா தெரியாது? தகப்பனார் குத்துக்கல்லாட்டம் இருக்கறச்சே பிள்ளையை எள்ளும் தண்ணியும் விடச் சொல்றேளே! எந்த ஊர் வழக்கம் இது?"

தகப்பன் உயிரோடிருக்கும் ஒருவன் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்வதில்லை. அவர்கள் வீடுகளில் பூணூல் போட்ட பையனுக்குக்கூடத் தெரிந்த செய்தி இது. ஓராண்டுக் காலம் ஆராய்ச்சி செய்து, ஆறு ஊர்களுக்கு விமானம் ஏறி இறங்கி, நான்கு தலைமுறையைத் தோண்டியெடுத்தவர்களில் ஒருவரும் ஒரு தலைமுறையைக் கண்திறந்து பார்க்கவில்லை. தெரிந்த ஸ்ரீநிவாஸோ விளக்கேற்றும் விழாவுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"பண்ணினா என்ன ஆகும்?" என்று ஜெயந்த் கேட்டார். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா இல்லேன்னு ஊரறியச் சொன்ன மாதிரி ஆகும்."

நடிகர் இரண்டே எட்டில் கரையேறிவிட்டார். நான்கு விரல்களில் நான்கு ராசிக்கல் அணிந்தவர் அவர். கேமராவுக்காக வர வேண்டியிருந்த கண்ணீர் இப்போது தானாகவே வந்தது. அதைப் படமெடுக்கத்தான் எவருக்கும் தோன்றவில்லை.

அந்த இடைவெளியில் மஹாதேவன் அவரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். மாதவி குறுக்கே புகுந்து மழுப்பிவிடக் கூடாதே என்று, துறைமுகத்து ஆபீஸில் பழகிய கறார்த்தனத்தோடு, மூன்று வாக்கியங்களில் சொன்னார். உம் தாத்தாவுக்குத் தந்தி போயிற்று. அவர் போட்ட பதில் கார்டு என் வீட்டில் இருக்கிறது. காரியத்தைச் செய்தவர் என் தகப்பனார்.

ஜெயந்த் அவரையே பார்த்தார். பின்பு மாதவியைப் பார்த்தார்.

"கார்டா? கையெழுத்தோடயா? மாதவி, தாத்தாவோட நூற்றாண்டு விழா வருது. அந்தத் 'தகவல் சொல்லலை' லைனே வேண்டாம். சாவைப் பத்தி யாரும் எதுவும் பேச வேண்டாம்."

கொள்ளுத்தாத்தா எப்படிச் செத்தார் என்று அவர் கேட்கவில்லை. என்ன சமைப்பார் என்றும் கேட்கவில்லை. மஹாதேவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதைத் தந்த கையின்மேல்தான் மரியாதை பிறக்கவில்லை. ஒரு பொய்யைச் சொல்லாமலிருக்கவே இவர்களுக்கு இத்தனை ஆட்கள் வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மாதவி மறுபடியும் வந்தாள். "அங்கிள், வெயில் ஏறிடுத்து. உங்க கையை மட்டும் எடுத்துக்கறோமே? எள்ளு, தண்ணி, அவ்வளவுதான். முகம் வராது."

"கை யாரோடதுன்னு போடுவேளா?"

"அது க்ளோசப் அங்கிள். கைன்னா கைதானே?"

"அப்போ அந்தத் தாடிக்காரர் கையை எடுத்துக்கோ."

தாடிக்காரரின் கையில் பச்சை குத்தியிருந்தது. ஸ்ரீநிவாஸ் அதற்குள் கைக்கடிகாரத்தைக் கழற்றத் தொடங்கியிருந்தார். "என் ஃபாதர் போய் மூணு வருஷம் ஆச்சு, மேடம். எனக்கு ஆட்சேபணையே இல்லை," என்று சொல்லிக்கொண்டே நீரில் இறங்கினார்.

மஹாதேவன் கயிற்றைத் தாண்டிப் பத்துப் படி தள்ளிப் போனார். பூணூலை வலத் தோளுக்கு மாற்றிக்கொண்டு தம்முடையதைத் தொடங்கினார். தகப்பனார், பாட்டனார், முப்பாட்டனார். தாய் வழியிலும் அவ்வாறே. அதன் பிறகு, மஹாலயத்தில் மட்டும், உறவு முறையில் வராத வேண்டியவர்களின் பெயரைச் சொல்வார்கள். தகப்பனார் இருந்தவரை அவர் சொல்லிவந்த பெயரை, அவருக்குப் பின் இருபத்தெட்டு ஆண்டுகளாக மஹாதேவன் சொல்லிவருகிறார்.

"ராஜாராம சர்மாணம்... தர்ப்பயாமி."

காதில் கருவி மாட்டிய ஒலிப்பதிவாளர் கயிற்றுக்கு அப்பாலிருந்து கையை ஆட்டினார். அந்த வங்காளி இளைஞருக்கு அமைதி தேவைப்பட்டது. "தாது, ஏக்டு ஆஸ்தே!" தாத்தா, கொஞ்சம் மெதுவாக என்று கெஞ்சினார்.

ஒவ்வொரு பெயரையும் மும்முறை சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு முறை மிச்சமிருந்தது. கிடர்பூரில் கப்பல் எஞ்சினின் இரைச்சலுக்கு மேல் கூப்பிட்டுப் பழகிய குரலை மஹாதேவன் வெளியே எடுத்தார். நீர் வார்த்துக்கொண்டிருந்த வங்காளிகள் திரும்பிப் பார்த்தார்கள். டைரக்டர் வெறுப்புடன் கையை உயர்த்திக் கேமராக்களை நிறுத்தச் சொன்னார். அள்ளிய எள்ளும் நீரும் கையிடுக்கில் ஒழுக ஸ்ரீநிவாஸ் அப்படியே நின்றார். பட்டுடுத்திய கொள்ளுப்பேரன் கரையில் குடைநிழலில் அமர்ந்து புனேக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். மெஸ் சமையற்காரர் ஒருவருக்கு மூன்று கை நீர் வார்த்து முடியும்வரை எல்லாரும் வேலையின்றிக் காத்திருந்தார்கள். மஹாதேவன் அவசரப்படவில்லை.