நடுவட்டம் பஸ்ஸில் ஒரு சிவப்புப் படம்

போன வாரம் ஊட்டியிலிருந்து நடுவட்டம் போகும் பஸ்ஸில் ஓர் ஓவியக் கண்காட்சி நடந்தது. யாரும் திட்டமிடவில்லை!

ஸ்டெல்லா என் சிநேகிதி. நடுவட்டத்தில் டிராயிங் டீச்சர். வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குக் கிளியும் மாம்பழமும் வரையச் சொல்லித் தந்தவள், தனக்கென்று வரைய ஆரம்பித்தது இப்போதுதான்... ஐம்பது தாண்டிய பிறகு.

ஊட்டியில் ஒரு ஹாலில் பெண் ஓவியர்களின் கண்காட்சி. அதற்காக மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரே ஒரு பெரிய படம் வரைந்திருந்தாள். கவாத்து வெட்டிய தேயிலைச் செடி. மொட்டையாக, கன்னங்கரேலென்று. உற்றுப் பார்த்தால் அது செடி இல்லை — குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அவளிடமிருந்து சிவப்பு வழிந்து வேருக்கு இறங்குகிறது. மேலே, கூந்தல் இருக்கவேண்டிய இடத்தில் பச்சைத் தளிர்கள்.

ஏற்பாட்டாளர் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"மேடம்... ஃபேமிலியா வர்ற இடமுங்க. ரோஜா, ஏரி, அந்த மாதிரி ஏதாச்சும் இருந்தா குடுங்களேன்?"

ஃபேமிலி எப்படி வந்ததாம்? கேட்டிருக்கலாம்.  படத்தைப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம்.

"வூட்டுக்குப் போனதும் இதும்மேல வெள்ளையடிச்சு, ரோஜாவே வரைஞ்சுடறேன்" என்றாள் ஸ்டெல்லா. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சொன்னால் செய்வாள். 

பைக்காரா தாண்டியதும் மழை. எங்கள் ஷட்டர் இறங்க மறுத்தது. சாரல் நேராகப் படத்தின் மேல்! பதறிப்போய், படத்தைச் சுற்றியிருந்த ஈரப் புடவையை உருவிப் போட்டு, படத்தை உள்பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள் ஸ்டெல்லா.

மொத்த பஸ்ஸும் பார்த்தது.

"ஏனுங்க டீச்சர், நல்லா இருக்குதுங்களே... என்ன படமுங்க?" என்றார் கண்டக்டர்.

"மாதவிடாய்ங்க."

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். ஸ்டாப்பே இல்லாத இடத்தில். டிரைவரும் நிறுத்திவிட்டார்!

பின் சீட்டில் தோட்டத்துப் பெண்கள். முதலில் ஒரு சிரிப்பு கேட்டது. அப்புறம் எல்லோரும்... ஸ்டெல்லாவும்தான். நாம் பொத்திப் பொத்தி வைக்கிற விஷயங்களில் பாதி, எதிரே இருப்பவருக்கும் தெரிந்ததுதான். யார் முதலில் வாயைத் திறப்பது என்பதுதான் பிரச்சினை.

பஸ் மறுபடி கிளம்பியதும் அவர்களில் ஒருவர் எழுந்து வந்தார். பெயர் சரோஜா. எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. கம்பியைப் பிடித்தபடி படத்தையே பார்த்தார்.

"எனக்கு நின்னு நாலு வருஷமாச்சு டீச்சர். இனி என்னா இருக்குன்னுதான் நெனச்சேன். இதுல தளிர் வருதே?"

"எனக்கும் நின்னுடுச்சுங்க. அதுக்கப்புறந்தான் எனக்குன்னு பிரஷ்ஷைக் கையில எடுத்தேன்" என்றாள் ஸ்டெல்லா.

"அப்ப இத எங்க பிள்ளைக்காம்பராவுக்குக் குடுங்க. செவுரு சும்மாதான் கெடக்கு."

பிள்ளைக்காம்பரா என்றால் காப்பகம்தான். சரோஜாவின் அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த வார்த்தை.

"மேனேஜர் ஒண்ணும் சொல்லமாட்டாருங்களா?" என்றேன் நான்.

"புள்ளைங்க அழுவுற எடத்துக்கு அவரு எங்க வர்றாரு!"

நடுவட்டத்தில் இறங்கும்போது கண்டக்டரே முன்னால் வந்து நின்றார். "படம் எறங்குது, வழி விடுங்க... ஓரம் இடிச்சுடாதீங்க!" முகம் இன்னும் சிவந்துதான் இருந்தது. ஆனாலும் ஒரு முனையைப் பிடித்தார் மனுஷன்.

நேற்று நானும் ஸ்டெல்லாவும் காப்பகத்துக்குப் போயிருந்தோம். தொட்டில்களுக்கு மேலே, நடுச்சுவரில் படம். டீ நேரத்தில் பால் கொடுக்க வந்த இளம் தாய்மார்கள் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாஞ் சரி டீச்சர், இடுப்புவலியக் காணோமே?" என்றாள் ஒருத்தி.

"அது அடுத்த படத்துலங்க!" என்றாள் ஸ்டெல்லா. ரோஜா பேச்சே இல்லை.

அந்த அறையில் படத்தைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். கைக்குழந்தை. பாவம், அதற்குப் பசி!