ஐந்தாவது தட்டின் வளையம்

1991 ஆகஸ்ட் 14, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். அம்பத்தூரில் என் அக்கா படித்த கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில், ஐந்து கண்ணாடித் தட்டுகளின் மேல் காங்கோ சிவப்பு என்னும் சாயத்தை ஊற்றினேன். சாயம் பதினைந்து நிமிடம் ஊற வேண்டும் என்பதற்காகத்தான் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

நான் தமிழ் இலக்கிய மாணவி. அந்த அறையில் எனக்கென்று எதுவும் இல்லை. அக்கா மஞ்சள் காமாலையோடு ஆவடியில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தாள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. அம்மா அவளருகிலேயே இருந்தாள். தட்டுகளைப் பார்க்க நான்தான் மிச்சம்.

மக்கிய வைக்கோலில் வாழும் பூஞ்சைகள், அதிலுள்ள செல்லுலோஸைக் கரைக்கும் ஒரு நொதியைச் சுரக்கின்றன. நொதி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே செல்லுலோஸ் கலந்த அகார் என்னும் கூழில் பூஞ்சையை வளர்த்து, மேலே சாயம் ஊற்றி, உப்புநீரால் கழுவுகிறார்கள். செல்லுலோஸ் எஞ்சிய இடத்தில் சிவப்பு தங்கிவிடும். பூஞ்சை தின்று தீர்த்த இடம் வெளிறிப்போகும். அந்த வெளிர் வளையம் எவ்வளவு அகலமோ, பூஞ்சை அவ்வளவு வலியது.

அக்காவிடம் ஐந்து பூஞ்சைகள் இருந்தன. நான்கு பழையவை. ஐந்தாவது, மாங்காட்டுக் கோயிலிலிருந்து திரும்பும்போது வேலப்பன்சாவடியில் பேருந்தை விட்டிறங்கி, நூம்பலில் ஒரு வயலோரத்து வைக்கோல் போரிலிருந்து அவள் கிள்ளி வந்தது. அடுத்த மாதம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு நேர்காணல். வலிய பூஞ்சை ஒன்றை உயிரோடு கொண்டு போனால் இடம் உறுதி என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். தட்டுகளில் விதைத்த மறுநாளே அவளுக்குக் காய்ச்சல் கண்டது.

செய்முறையைக் கட்டிலில் படுத்தபடியே சொன்னாள். வகுப்புக் குறிப்பைப் போல ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன். சாயம். உப்புநீர், மூன்று முறை. அளவு. பிறகு தட்டுகளைக் குக்கரில் வேகவைத்துக் கழுவுவது.

ஆய்வக உதவியாளர் ஓர் ஐம்பது வயதுக்காரர், அக்காவை நன்றாக அறிந்தவர். கதவருகே நின்று என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, அக்கா எப்பிடி கீது?"

"காய்ச்சல் விட்டிருக்கிறது, அண்ணா."

"நீ தமிழ் படிக்கிற பொண்ணாமே? சாயத்த ஊத்திட்டு அதுக்கு ஒரு பாட்டும் பாடுவியா?"

எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை. மூன்றாம் முறை உப்புநீரைக் கொட்டியபோது நான்கு தட்டுகளில் நகக்கண் அளவே வெளிறியிருந்தது. ஐந்தாவதில், சிவப்பின் நடுவே ஒரு பெரிய வட்டம் விடிந்ததுபோல் திறந்துகொண்டது. அளவுகோலை மூன்று முறை வைத்தேன். நாற்பத்தாறு மில்லிமீட்டர்.

"நாளிக்கு கொடியேத்து, லீவு. இன்னிக்கே வேக வெச்சாத்தான் நான் ஊட்டுக்குப் போக முடியும். முடிஞ்சுதா?"

தாளைப் பார்த்தேன். அடுத்த வரி அதுதான். தட்டுகளை அவரிடம் நீட்டினேன். குக்கர் இரண்டு விசில் அடிக்கும்வரை அங்கேயே நின்று, அளவுகளை நல்ல கையெழுத்தில் படியெடுத்தேன்.

ஆறு மணிக்கு வார்டில் எண்ணைச் சொன்னேன். அக்காவின் மஞ்சள் கண்கள் விரிந்தன.

"நாப்பத்தாறா? சரியாப் பாத்தியாடி?"

"மூணு தடவ."

"அம்மா, கேட்டியா? நாப்பத்தாறு!" எழுந்து உட்காரப் பார்த்தாள். எட்டு நாளில் முதல் முறையாகக் கஞ்சி கேட்டாள். இரண்டு வாய் குடித்த பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "சாயம் ஊத்துறதுக்கு முன்னாடி அஞ்சாவதுலேர்ந்து கொஞ்சம் பூஞ்சைய கண்ணாடிக் குழாய்ல எடுத்து வெச்சேல்ல? மத்த நாலும் குழாய்ல இருக்கு. இது ஒண்ணுதான் தட்டுல மட்டும் இருந்துது."

குக்கரில் வெந்தபோதே ஐந்தாவது செத்துப்போயிருந்தது. தாளில் அந்த வரி இல்லை. அவளுக்கு அது மூச்சு விடுவதைப் போன்ற பழக்கம். சொல்ல வேண்டும் என்றே தோன்றியிருக்காது. எழுதியதை மட்டும் பிசகாமல் செய்வதே ஒழுங்கு என்று நான் நம்பியிருந்தேன். ஒரு கவிதையில் சொல்லாமல் விட்டதைத் தேடி நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பேன்; என் அக்கா சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கக்கூடும் என்று நினைக்கவில்லை.

கஞ்சிக் கிண்ணம் அவள் மடியில் இருந்தது.

"வெச்சேன்," என்றேன்.

மறுநாள் காலை எங்கள் குடியிருப்பில் கொடியேற்றத்துக்கு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தபோதே புறப்பட்டேன். பூந்தமல்லி போய் வேறு பேருந்து மாறி வேலப்பன்சாவடியில் இறங்கி, நூம்பலுக்கு நடந்தேன். அக்கா சொல்லியிருந்த வயலில் மனைக்கற்கள் நட்டிருந்தன, ஒவ்வொன்றிலும் புதுச் சுண்ணாம்பு. வைக்கோல் போர் இருந்த இடத்தில் வட்டமாகச் சாம்பல். அதன் ஓரத்தில் எரியாமல் நனைந்து கிடந்த வைக்கோல் துண்டுகளை, சாம்பல் ஒட்டியதையும் சேர்த்து, ஒரு காகித உறையில் பொறுக்கிப் போட்டேன். அவற்றில் அந்தப் பூஞ்சை இருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் படிப்பும் எனக்கில்லை.

பத்தரை மணிக்கு வார்டுக்குள் போனேன். அக்கா தலையணையில் சாய்ந்து, ஒரு காகிதத்தில் நாற்பத்தாறு என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். உறையை அந்தக் காகிதத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, நேற்று நான் பொய் சொன்னேன் என்று சொன்னேன்.