மரத்தில் கட்டிய துவக்கு

அப்பாவின் துப்பாக்கி அனுமதிப்பத்திரத்தின் பின்புறத்தில் அவர் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "ஐப்பசி, வெள்ளி. துவக்கு இனி உதவாது." ஆண்டு இல்லை. நான் ஐந்தாம் வகுப்பில் படித்த மாரிக்காலம் அது என்பதால் ஆண்டை என்னால் கணித்துக்கொள்ள முடிகிறது. நடந்ததைப் பற்றி அவர் எழுதிவைத்தது அவ்வளவுதான்.

நாங்கள் அரியாலையின் கிழக்குக் கோடியில் இருந்தோம். கடல்நீரேரிப் பற்றைகளிலிருந்து நரிகள் வந்து ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிச் செல்லும். அப்பாவிடம் இருந்தது குழல்வாய் வழியே வெடிமருந்து போட்டு இடிக்கும் பழைய துவக்கு. மாரியில் அந்தக் கறுப்பு மருந்து ஈரம் பிடித்துவிடும். விசையை இழுத்தால் 'புஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நரி நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, தோட்டாக்களிலிருந்து பிரித்தெடுத்த புகையில்லா மருந்தை ஒரு பால்மா டின்னில் கொண்டுவந்தார்.

"அத்தான், இது லேசிலை ஈரம் பிடியாது. கொஞ்சத்திலை துவங்கி மெல்ல மெல்ல ஏத்திப் பாப்பம்."

நகை நிறுக்கும் தராசு ஒன்றும் இரவல் வந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தார்கள். அப்பா துவக்கைத் தோளில் வைக்கப்போனபோது அம்மா குறுக்கே வந்தார். மருந்தைப் பற்றவைக்கும் செப்புத் தொப்பிகளை அவர் ஏற்கெனவே சேலைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்தார்.

"மரத்திலை கட்டி வெடியுங்கோ. மரத்துக்குப் பெண்சாதி பிள்ளையள் இல்லை."

"துவக்கைப் பற்றி உனக்கென்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. அதுதான் சொல்லுறன்."

தொப்பி இல்லாமல் வெடிக்காது. ஆகவே துவக்கு பூவரசில் கட்டப்பட்டது. விசையில் கட்டிய கயிறு கிணற்றுக்கட்டின் பின்னால்வரை வந்தது. முதல் வெடியில் எதிரே வைத்த தகரம் அசையவே இல்லை. "நரிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டலாம்," என்றார் மாமா. சற்று ஏற்றிய இரண்டாவது, கணீரென்று வெடித்தது. தகரத்தின் நடுவில், உள்ளங்கை மறைக்கும் இடத்தில், அத்தனை துளைகளும்.

அப்பா துவக்கை மரத்திலிருந்து அவிழ்த்தார். தோளில் வைத்துச் சுடும் முதல் வெடிக்கு நான் பக்கத்தில் நிற்கலாம் என்று சொல்லியிருந்தார். அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"இன்னொருக்கா கட்டி வெடியுங்கோ," என்றார் அம்மா.

அப்பா ஏசினார். நான் காலை உதைத்து அழுதேன். அம்மா தொப்பி முடிச்சை அவிழ்க்கவில்லை.

மறுபடி கட்டினார்கள். அதே நிறைதான், மாமாவே நிறுத்தார். துவக்கு பிளந்தது. குழலின் அடியிலிருந்து பறந்த துண்டு, சுடுபவரின் கன்னம் இருந்திருக்கக்கூடிய உயரத்தில் பூவரசில் ஏறியிருந்தது. மாமா அதைத் தடவிப் பார்த்தார். அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கறுப்பு மருந்துக்கென்று செய்த குழலுக்கு இந்த மருந்தில் பாதுகாப்பான அளவென்று ஒன்று கிடையாது என்பதைப் பின்னாளில் வாசித்துத்தான் அறிந்தேன். அன்று துவக்கு போய்விட்டதே என்றுதான் அழுதேன். பத்து வயதுப் பிள்ளையான என்னை அப்பா இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, இருட்டும்வரை இறக்கவே இல்லை. அயலார் பார்க்கிறார்களே என்று வெட்கத்தில் அவரை உதைத்தேன்.

அதன்பின் அவர் எங்களோடு நெடுங்காலம் வாழ்ந்தார். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது அம்மாவுக்கு. இரண்டாம் வெடியில் துவக்கு வேறுமாதிரித் துள்ளியதைத் தன் அக்கா கண்டிருக்க வேண்டும் என்பது மாமாவின் கட்சி. அம்மாவிடம் கேட்டால், "சும்மா சொன்னனான்," என்கிறார். எது உண்மையென்று இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.