ஆமாசாமி செய்த விளக்கு

எதைக் கேட்டாலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவதால் பட்டறையில் அவருக்கு ஆமாசாமி என்று பேர் வைத்துவிட்டார்கள். முதலாளிக்குக் கூழைக்கும்பிடு போடுகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மனிதருக்குக் காது கேட்காது, அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷம் தகர மூடி அடிக்கிற பிரஸ் மிஷின் பக்கத்தில் நின்றதில் இடது காது முழுசாகப் போயிற்று, வலது காது அரைகுறை. வெளியே சொன்னால் மிஷினை விட்டு எடுத்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் எதிராளியின் வாயசைவைப் பார்ப்பார், பிடிபடாவிட்டால் தலையாட்டிவிடுவார். ஒருமுறை மேஸ்திரி, "என்னய்யா, மிஷினை உடைச்சிட்டியா?" என்று கேட்டதற்கும் மலர்ந்த முகத்தோடு "ஆமா, ஆமா" என்றார். பட்டறையே சிரித்தது. எதற்கென்று தெரியாமல் அவரும் கூடச் சிரித்து வைத்தார்.

வீட்டிலே அவர் மனைவிக்கு ஒரு நோய் வந்தது. காலையில் எழுந்து நன்றாகத்தான் நடப்பாள். மத்தியானத்துக்குள் கையும் காலும் துவண்டுவிடும், கண் இமைகூடத் தானாக இறங்கிவிடும். ஆஸ்பத்திரியில் அவளை ரத்தம் எடுக்க உள்ளே கூட்டிப்போயிருந்தபோது டாக்டரம்மா இவரிடம் தனியாகப் பேசினார்.

"மாத்திரையை விடாம குடுங்க. இன்னொண்ணு, அவங்க குரலைக் கவனிச்சுக்கிட்டே இருங்க. குரல் இறங்கிச்சுன்னா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க, நேரா இங்க கூட்டிட்டு வந்துடுங்க. அடுத்து மூச்சுக்குத்தான் வரும். புரிஞ்சுதா?"

டாக்டரம்மா முகக்கவசம் போட்டிருந்தார். வாய் தெரியவில்லை. ஆமாசாமி அந்தத் துணியைப் பார்த்தபடியே "ஆமா, ஆமா" என்றார். சீட்டில் மாத்திரைகளின் பெயர் மட்டும்தான் இருந்தது. "என்ன சொன்னாங்க?" என்று மனைவி கேட்டதற்கு, "மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமாம்" என்றார். அவரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கினால் என்ன என்று ஆத்திரமாக வருகிறது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அரைக் காதில் விழுந்தது 'மாத்திரை' என்ற ஒரு சொல், மிச்சத்தை அவர் மனசே நிரப்பிக்கொண்டது.

இரண்டு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்தார். சமையல், துணி, மாத்திரை எல்லாம் அவர் கை. ஒரு நாள் அவர் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, குளியலறையில் வழுக்கி உட்கார்ந்த மனைவி அரைமணி நேரம் கூப்பிட்டிருக்கிறாள். அவர் காதில் ஒன்றும் விழவில்லை. தற்செயலாகப் போய்ப் பார்த்தவர், அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு வாய்விட்டு அழுதார். கேட்காத காதுக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று அன்றைக்கு முடிவு கட்டினார்.

பாட்டுச் சத்தத்துக்கு ஏற்ப எரிந்து அணைகிற விளக்கைக் கைபேசியில் யாரோ செய்துகாட்டியதைப் பார்த்திருந்தார். எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய், படத்தைக் காட்டி, சாமான் வாங்கினார்: சட்டைப் பொத்தான் அளவு மைக் வைத்த சின்ன போர்டு ஒன்று, டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், ஒட்டுகிற எல்இடி பட்டை, சால்டர் வைக்கிற கருவி. கடைக்காரர் என்னென்னவோ விளக்கினார். இவர் வழக்கம்போல் தலையாட்டினார். விளைவு, முதல் டிரான்சிஸ்டரைத் திருப்பிப் போட்டுப் புகைய விட்டார். இரண்டாவதை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டி ஒழித்தார்.

"வீட்டைக் கொளுத்திட்டுத்தான் மறுவேலையா?" என்று மனைவி படுக்கையிலிருந்து கேலி செய்தாள். அவள் உதட்டைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து பழகிய உதடு.

ஐந்தாம் நாள் பட்டை பளிச்சென்று எரிந்தது. மைக்கை அவள் கட்டில் ஓரத்தில் வைத்தார். பட்டையைச் சமையலறை ஜன்னலைச் சுற்றி ஒட்டி, வெட்ட மனசில்லாமல் மிச்சத்தைப் படுக்கையறை வாசலுக்கு மேலே ஒட்டினார். ஆனால் மின்விசிறி சுற்றினாலும் எரிந்தது, தெருவில் வண்டி போனாலும் எரிந்தது. மைக் போர்டில் குட்டியாக ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால் எவ்வளவு சத்தத்துக்கு விளக்கு எரியவேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அது பிடிபட்டதும் மனைவியைக் கூப்பிடச் சொன்னார்.

"என்னங்க" என்றாள். திருகினார். "என்னங்க." இன்னும் கொஞ்சம். மின்விசிறிக்கு எரியாமல் அவள் குரலுக்கு மட்டும் எரிகிற இடத்தில் கையை எடுத்தார்.

பட்டறையில் மூடி அடிக்கிற அச்சைச் சரியான உயரத்தில் பூட்டியதும் போல்ட் தலையில் ஒரு சொட்டுப் பெயிண்ட் வைப்பார்கள். வைத்தபின் அதை எவனும் தொடக்கூடாது. அப்புறம் மூடி கோணலாக வந்தால் தகட்டைத்தான் சந்தேகப்படவேண்டும், போல்ட்டை அல்ல. அந்தப் பழக்கத்தில் ஆமாசாமி மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துத் திருகின் தலையில் ஒரு சொட்டு வைத்தார்.

"இனிமே இது அசையாது" என்றார்.

திருகு அசையவில்லைதான். அசைந்தது வேறொன்று.

முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது விளக்கு எரிந்தது. எரிந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவார். அடுத்த வாரம் ஆறு தடவை. அதற்கடுத்து இரண்டு. உடம்பு தேறுகிறது, அதனால்தான் கூப்பிடுவது குறைகிறது என்று அவருக்கு மனசு குளிர்ந்தது. காலையில் எழுந்ததும் மைக் பக்கத்தில் பளாரென்று ஒரு கைதட்டு தட்டிப் பார்ப்பார். விளக்கு எரியும். கருவியில் குறையில்லை என்று நிம்மதியாக அடுப்படிக்குப் போவார். அவர் தட்டியது இரும்படித்த கை. அந்தச் சத்தத்துக்கும் அவள் குரலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

எதிரில் உட்கார்ந்து பேசும்போது அவர் பார்த்தது உதட்டை. அது அசைந்துகொண்டுதான் இருந்தது. அதிலிருந்து வந்த குரல் நாளுக்கு நாள் மெலிந்து வெறும் காற்றாகிக்கொண்டிருந்ததை அந்த வீட்டில் கேட்க ஆளில்லை.

ஒரு நாள் அவளே சொன்னாள். "கூப்பிட்டேனே, விளக்கு எரியலையா?"

"வயர் லூசா இருக்கும்." தட்டிப் பார்த்தார். எரிந்தது. "நல்லாத்தானே எரியுது. நீ கனவு கண்டிருப்ப."

அவளும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். அதன்பிறகு ஏதாவது வேண்டுமென்றால் அவராக வரும்வரை வாசலைப் பார்த்தபடி கிடந்தாள். அவரோ சமையலறையில் இருட்டாகக் கிடந்த பட்டையை அடிக்கடி நிமிர்ந்து பார்த்து, சந்தோஷமாகக் காய் நறுக்கினார்.

மூன்று வாரமாக வர முடியாதிருந்த மச்சினி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். அக்காவைப் பார்க்க உள்ளே போனவள் போன வேகத்தில் திரும்பி வந்து அவர் தோளைப் பிடித்தாள். அவள் வாய் படபடவென்று அசைந்தது. ஆமாசாமிக்குப் பாதி புரியவில்லை. "ஆமா, ஆமா, இப்ப ரொம்பத் தேவலை" என்றார்.

அவள் அவருடைய வலது காதோடு வாயை வைத்துக் கத்தினாள். "அக்கா உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா அத்தான்! சத்தமே வரலை. மூச்சு வாங்குது."

கையிலிருந்த கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். மனைவியின் உதடு நீலம் பாரித்திருந்தது. 'என்னங்க' என்று அது அசைவதை அவர் பார்த்தார். வாசலுக்கு மேலே பட்டை இருட்டாக இருந்தது. மறுபடி அசைந்தது. பட்டை எரியவில்லை.

மச்சினி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். போனைக் கையில் பிடித்தபடி அவர் முகத்துக்கு நேராகக் கேட்டாள். "எத்தனை நாளா குரல் இப்படி இருக்குன்னு கேக்கறாங்க."

தலை தானாக ஆடப்போயிற்று. அதைப் பிடித்து நிறுத்தினார். "எனக்குத் தெரியாது. எனக்குக் காது கேக்காதும்மா. ரெண்டு காதும் கேக்காது."

வாழ்நாளில் முதல்முறையாக அதைச் சொன்னார். கேட்டு ஆச்சரியப்பட அங்கே யாருமில்லை.

வண்டி வர கால் மணி நேரமாகும் என்றார்கள். மச்சினி அக்காவை நிமிர்த்தி உட்காரவைத்துத் தாங்கிக்கொண்டாள். ஆமாசாமி மின்விசிறியை நிறுத்தினார். நகத்தால் சுரண்டிச் சிவப்புப் பூச்சைப் பெயர்த்து, திருகைக் கடைசிவரை திருப்பினார். மைக்கை அவள் வாயருகே பிடித்தார். பட்டை மங்கலாக எரிந்து அணைந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எரிந்து அணைந்தது. அது அவள் மூச்சு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு மேலேயே பார்த்தபடி நின்றார். ஒவ்வொரு தடவை அணைந்ததும் அடுத்தது வரும்வரை அவருக்கும் மூச்சு நின்றது. இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று.

திடீரென்று பட்டை முழுக்கப் பளிச்சென்று எரிந்தது. அணையவே இல்லை. தெருக்கதவு திறந்து, பூட்ஸ் கால்களும் ஸ்ட்ரெச்சர் சக்கரங்களும் உள்ளே வந்துகொண்டிருந்தன. ஆட்கள் ஒருவரையொருவர் கத்தி ஏவினார்கள், மச்சினி அழுதாள். அத்தனை சத்தத்துக்கும் விளக்கு சேர்ந்து எரிந்தது. அதில் அவள் மூச்சு இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.