பக்கத்து பெஞ்சில் கொரியா

ஏழாம் வகுப்பில் எனக்குக் கொரியப் பைத்தியம் பிடித்திருந்தது. வாப்பா சவூதியில், உம்மாவுக்கோ எந்நேரமும் தையல் மெஷின். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச ஆளில்லாத தென்காசி வீட்டில், டிவியில் தமிழ் பேசிய கொரியத் தொடர்கள்தான் எனக்குத் துணை. அதில் வருகிற மாதிரி இரண்டு கையாலும் பேனா வாங்குவேன், டீச்சருக்கு இடுப்பு வரை குனிவேன். கிறுக்கி என்று வகுப்பே என்னை ஒதுக்கிவிட்டது.

அந்த வருஷம் குற்றால சீசனுக்கு ஓட்டல் வேலைக்கு வந்த சமையல்காரர் ஒருவரின் மகளை என் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். சின்னக் கண், நேரான முடி. யா அல்லாஹ், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உம்மாவின் போனைப் பார்த்துப் படித்து வைத்திருந்த கொரிய வணக்கத்தைச் சொன்னேன். அவளும் சிரித்துக்கொண்டே அதைத் திருப்பிச் சொன்னாள்.

பிறகென்ன, மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். நெய்ச்சோற்றை இரண்டு கையாலும் நீட்டுவேன். அவளும் இரண்டு கையாலும் வாங்குவாள். உங்கள் ஊரில் பனி கொட்டுமா, சோற்றையும் குச்சியால்தான் சாப்பிடுவீர்களா என்று குடைந்தெடுப்பேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள்.

ஒரு நாள் சாயங்காலம் பெருமையாக அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். முறுக்குத் தட்டை வைத்துவிட்டு எந்த ஊர் என்று உம்மா கேட்டாள். நான் முந்திக்கொண்டு கொரியா என்றேன். என் தோழி தட்டையே பார்த்தபடி, என்னிடம் பழகிய அரைகுறைத் தமிழில் சொன்னாள்.

“இல்ல ஆன்ட்டி, மணிப்பூர். இந்தியாதான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசலுக்கு இழுத்துப்போய்க் கேட்டேன். “ஏட்டி, என்னைய எதுக்கு ஏமாத்துன?”

“உனக்குக் கொரியாதான பிடிக்கும்,” என்றாள்.

மறுநாளே நான் வேறு பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன். சாரல் நின்று சீசன் முடிந்ததும் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். போகிற அன்று என் பக்கம் வந்து நின்றாள். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. பெரிய ரோஷக்காரி!

பல வருஷம் கழித்து, மணிப்பூரில் வீடுகள் எரிவதை டிவியில் காட்டினார்கள். கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். மணிப்பூரில் எந்த ஊர் என்று அவளிடம் கேட்டு வைக்கவில்லை. அதனால் எந்த ஊர்ப் பெயர் வந்தாலும் நெஞ்சு பதறியது.

அந்த வகுப்பில் அவளோடும் வேறு யாரும் பேசியதில்லை. ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதற்காக, அத்தனை நாளும் கொரியாக்காரியாக இருந்திருக்கிறாள். ஆளில்லாமல் கிடந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.