றெபரி காக்காவும் ஐந்தாம் விதியும்

காலையில் தபால் கந்தோருக்கு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஜனாஸா அறிவித்தல் சொன்னது. இறந்தவரின் பெயர், தகப்பனாரின் பெயர், தெருவின் பெயர், நீர்ப்பாசனக் கந்தோரில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் என்ற விவரம் எல்லாம் முறையாக வந்தன. ஆள் யாரென்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. 'இன்னாலில்லாஹி' சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் கையில் எடுத்தேன். பக்கத்து வீட்டு மச்சான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன காக்கா, சும்மா நிக்கிறீங்க? நம்மட றெபரி காக்காவல்லவா மௌத்தாப் போனார்" என்றார். தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்கும் அன்று காலை இதுதான் நடந்திருக்கும். ஆதம்லெவ்வை என்ற அழகான பெயரை அவருடைய கந்தோரைத் தவிர வேறு யாரும் பாவித்ததாக எனக்கு நினைவில்லை. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் உதைபந்தாட்டம் நடந்தால் நடுவில் விசிலோடு நிற்பவர் அவர்; அண்ணனைக் காக்கா என்னும் எங்கள் ஊருக்கு அவர் றெபரி காக்கா. விளையாடும் காலத்தில் அவர் ஒரு சுமாரான ஆட்டக்காரர் என்று அவரோடு விளையாடியவர்கள் சொல்வார்கள். விசில் கையில் வந்த பிறகுதான் ஆளுக்கு உயிர் வந்ததாம். மைதானத்தில் அவரைத் திட்டாத வாய் இல்லை. ஆனால் பெரிய ஆட்டம் என்றால் இரண்டு கழகங்களும் அவரைத்தான் கேட்கும்.

ஓர் ஆட்டத்தில் பந்து வலைக்குள் கிடந்தது. சனம் முழுக்கக் கோல் என்றது. லைன்ஸ்மனும் கொடியைத் தூக்கிக்கொண்டு நடுக்கோட்டுக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். றெபரி காக்கா அவரைக் கூப்பிட்டு, "நிண்ட இடத்த முதல்ல சொல்லு. கண்டத பிறகு சொல்லு" என்றார். நின்ற இடத்தைச் சொல்லச் சொல்ல அந்த மனிதருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு இருவரும் போய்ப் பார்த்தால் வலையின் பக்கவாட்டில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கிழிசல். பந்து அதால்தான் உள்ளே போயிருந்தது. அன்று கோல் கிடைக்காமல்போன கழகம் அவருடைய சொந்த மச்சினனுடையது. அந்தப் பெருநாளைக்கு மச்சினன் வீட்டிலிருந்து புரியாணி வரவில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதர் எங்கள் வாசகர் மன்றத்தின் புகைப்படப் போட்டிக்குள் எப்படி வந்தார் என்பதுதான் நான் சொல்ல வந்த கதை. கமராவை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. நாங்கள்தான் வலிந்து போய்க் கூட்டி வந்தோம். அதற்கு முந்திய வருடம் 'கடல்' என்ற தலைப்பில் முதற்தடவையாகப் போட்டி வைத்து, ஒருவருக்கு முதற்பரிசும் கொடுத்தோம். அடுத்த கிழமை அதே கடல், அதே அலை, ஒரு சவர்க்காரக் கொம்பனியின் கலண்டரில் தொங்குவதைத் தேநீர்க் கடையில் பலரும் கண்டார்கள். கலண்டரைச் சுவரில் மாட்டி வைத்துப் படம் பிடித்திருக்கிறார் மனிதர். மானம் கப்பலேறிய பிறகு, இனி ஒழுங்கான விதிகள் வேண்டும், அவற்றைச் சொன்னபடி நடத்த ஓர் ஆள் வேண்டும் என்று முடிவெடுத்தோம். ஊரில் அப்படி ஓர் ஆள்தான் இருந்தார்.

குழுவில் மூன்று பேர். பாண்டிருப்பைச் சேர்ந்த சித்திர ஆசிரியர் தவராசா மாஸ்டர் புள்ளி போடுபவர். நான் செயலாளர். றெபரி காக்கா விதிகளுக்குப் பொறுப்பு. அஞ்சலட்டை அளவில் படம் இருக்க வேண்டும் என்று எழுதினோம். அவர் என் கந்தோருக்கு வந்து ஓர் அஞ்சலட்டை வாங்கிப்போய், வந்த ஒவ்வொரு படத்தையும் அதன்மேல் வைத்துப் பார்த்தார். மயிரிழை கூடினாலும் திருப்பினார். தவராசா மாஸ்டருக்கு வந்த கோபத்தில் இருவரும் கொஞ்ச நாள் கதைக்கவே இல்லை. நடுவில் நான்தான் தூது. ஒரு பொடியன் தன் பெயரில் ஒரு படத்தைக் கொண்டுவந்து, இடத்தைத் தேர்ந்தது, வெளிச்சம் பார்த்தது எல்லாம் தான்தான், தன் காக்கா வெறுமனே பொத்தானை அமத்தியவர் மட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டான். "பந்த உதைச்சவன்ட பேர்லதான் கோல். பாஸ் குடுத்தவனுக்குக் கை தட்டலாம்" என்று அவனை அனுப்பி வைத்தார். உண்மையைச் சொன்னவனுக்கே தண்டனையா என்று எனக்கு எரிச்சல். அவருக்கு அதெல்லாம் ஏறாது.

இரண்டாம் வருடத் தலைப்பு 'சூடடிப்பு'. வெட்டிய கதிரைச் சூடாகக் குவித்து, களவெட்டியில் பரப்பி, நெல்லைப் பிரித்தெடுக்கும் வேலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். முஸ்லிம்களும் தமிழரும் சேர்ந்து செய்யும் வேலை, நல்ல புழுதி, நல்ல வெயில், படத்துக்கு வாய்ப்பான விஷயம் என்று மூவரும் குதூகலித்தோம். மூன்றாம் விதியாக, ஆண் பெண் இருபாலாரும் கலந்துகொள்ளலாம் என்று எழுதினோம். ஆண்டறிக்கையில் வாசிக்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதில் எங்களுக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை. ஐந்தாம் விதி, படத்தின் பிரதான பொருள் சூடடிப்பாக இருக்க வேண்டும் என்றது. சூடடிக்கும்போது களவெட்டிக்குள் பெண்கள் கால் வைப்பதில்லை. எங்கள் மூவருக்கும் அது பிறந்ததிலிருந்து தெரியும். எழுதும்போது ஒருவருக்குக்கூட அது நினைவுக்கு வரவில்லை.

முடிவுத் திகதி நெருங்கியபோது நற்பிட்டிமுனை வயல் வட்டையில் வெள்ளாமை செய்யும் ஒருவர் கந்தோருக்கு வந்து ஒரு படத்தை நீட்டினார். எடுத்தவர் அவருடைய மகள் நயீமா. நயீமாவின் கணவர் சவூதியில் வேலை செய்கிறார். அவர் போகும்போது பிள்ளை வயிற்றில். பிள்ளை வளர்வதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கமராவைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"என்ட மருமகன் புள்ளைட முகத்தப் படத்திலதான் கண்டிருக்கார்" என்றார் அந்த வாப்பா. "ஆனா பொம்புளப் புள்ளைக்குக் கமரா என்னத்துக்கு எண்டு ஊர்ல கதைக்கிறாங்க. என்ட மகனும் தனக்குத் தாங்க எண்டு நிக்கிறான். அவன்ட கையில போனா அவன் கூட்டாளிமாரத்தான் புடிப்பான். நான் என்ன செய்யிற? படிச்ச ஆக்கள் நீங்க. இதச் சேர்த்தீங்க எண்டா, போட்டிக்கே எடுத்திருக்காங்க எண்டு சொல்லி அவட கையிலயே உட்டுருவன். தள்ளினீங்க எண்டா மகனுக்குத்தான்."

அவர் மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. தன்னால் முடிக்க முடியாத ஒன்றை எங்களிடம் கொண்டுவந்திருந்தார். அதனால்தான் எனக்கு அது இன்னும் பாரமாக இருந்தது.

அன்று பின்னேரம் மன்றத்தில் படத்தை மேசையில் வைத்தோம். முன்னால், பெரிதாக, துணியால் மூடிய சோற்றுக் கடகம். அருகில் தண்ணீர்க் குடம். இரண்டும் ஒரு வரம்பின் மேல் இருந்தன. அவற்றுக்கு அப்பால் வெகு தூரத்தில், புழுதிக்குள், உழவு இயந்திரமும் சில மனிதர்களும்.

"பிரதான பொருள் சோத்துக் கடகம்தானே" என்றார் தவராசா மாஸ்டர். "சூடடிப்பு எறும்பு மாதிரித் தெரியிது. படம் நல்ல படம் காக்கா. ஆனா தலைப்புக்கு வெளியில."

றெபரி காக்கா ஒரு தரம்தான் பார்த்தார். "ஓஃப்சைட்" என்றார்.

நான் வாப்பா சொன்னதைச் சொன்னேன். கணவர், பிள்ளை, கமரா எல்லாம் சொல்லி, பாவம், பரிசு கொடுக்காவிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுவோம் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்தப் புள்ள சதகா தர்மம் கேட்டா வந்திரிக்கு?" என்றார். "போட்டிக்கு வந்திரிக்கு. பாவம் பாத்து உள்ள எடுத்தா நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? பொம்புள எண்டு எடுத்தாங்க எண்டு சொல்லும். அந்தச் சொல்லோட அவ கமராவத் தூக்கேலுமா? விதியில இடம் இரிந்தா எடுப்பம். இல்லாட்டித் தள்ளுவம்."

விதியில் இடமில்லை என்றுதான் அவரே இப்போது சொன்னார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கல்லுக்கு விசில் கட்டிவிட்டால் இந்த மனிதராகும் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

மறுநாள் லீவு நாள். காலையிலேயே என் வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. தவராசா மாஸ்டரையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். எங்கே என்று கேட்டதற்கு, "வட்டைக்கு" என்றார். நித்திரையில்லாத முகம். நற்பிட்டிமுனை வரைக்கும் முன்னால் மிதித்தார்.

நயீமாவின் வாப்பாவின் களவெட்டியில் இன்னும் வேலை நடந்துகொண்டிருந்தது. றெபரி காக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே போனார். புழுதிக்கு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். கதிர் கட்டுகளும், வைக்கோலை உதறும் மனிதர்களும், கொட்டும் நெல்லும் கைக்கெட்டும் தூரத்தில். மற்றப் போட்டியாளர்கள் எல்லோரும் இங்கே நின்றுதான் எடுத்திருந்தார்கள்.

"மகள் இவடத்த நிண்டு எடுக்கேலாதா?" என்று வாப்பாவிடம் கேட்டார்.

"என்ன காக்கா தெரியாத மாதிரிக் கேக்கிறீங்க? சூடடிக்கக்குள்ள பொம்புளயள் வாறல்லயே."

"அப்ப எவ்வளவு தூரம் மட்டும் வரலாம்?"

"அந்தா, அந்த வரம்பு மட்டும். சோத்த வெச்சிட்டு நிப்பாங்க. இங்கரிந்து ஆள் போய் எடுக்கும்."

றெபரி காக்கா திரும்பி அந்த வரம்புக்கு நடந்தார். அன்றைய சோறு வந்திருந்தது. கொண்டுவந்த பெண்கள் எங்களைக் கண்டு ஒதுங்கி, ஒரு மர நிழலில் நின்றார்கள். றெபரி காக்கா கடகத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து களவெட்டிப் பக்கம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தவராசா மாஸ்டரைக் கூப்பிட்டு அதே இடத்தில் உட்காரச் சொன்னார். கடைசியில் நான். அந்தப் படத்தில் கண்டது அப்படியே எனக்கு முன்னால் கிடந்தது. பெரிதாகக் கடகம், சிறிதாகச் சூடடிப்பு.

"மாஸ்டர்" என்றார் அவர். "மூணாம் விதியில பொம்புளயள வாங்க எண்டு கூப்பிட்டது நாம. அஞ்சாம் விதியில சூடடிப்பக் காட்டுங்க எண்டு கேட்டதும் நாம. வரச் சொன்னவங்கள வரம்புல நிப்பாட்டினது ஊர். அவங்களுக்குச் சூடடிப்பு இதுதான். இதவிடப் பெரிசாக் காட்டு எண்டு எந்த வாயால கேக்கிற? மூண அழிக்கணும், இல்லாட்டி இந்தப் படத்த எடுக்கணும். மூண அழிக்க என்னால ஏலா."

தவராசா மாஸ்டர் இன்னொரு தரம் கடகத்துக்குப் பின்னால் குந்திப் பார்த்தார். பிறகு, "ஓம் காக்கா. கடகத்தப் பாத்து நானும் ஏமாந்திட்டன்" என்றார்.

"ஏமாந்தது நான். ஊதினதும் நான். ஆட்டம் திரும்பத் தொடங்க முன்னம் பிழையான ஊதலத் திருத்த றெபரிக்கு உரிமை இரிக்கு. அதுவும் விதிதான்."

திரும்பி வரும்போது, முந்திய நாள் நான் மனதுக்குள் அவரைக் கல் என்றதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

நயீமாவுக்குப் பரிசு கிடைக்கவில்லை. முதற்பரிசு காரைதீவு இளைஞர் ஒருவருக்குப் போனது. அவருடைய படம் உண்மையிலேயே திறமானது. ஒரு ஆறுதல் பரிசாவது கொடுப்போமே என்று நான் றெபரி காக்காவின் காதில் சொன்னேன். "உள்ள எடுக்கிறது என்ட வேலை. கோல் அடிக்கிறது அவட வேலை. ரெண்டையும் நான் செய்தா அது ஆட்டமில்ல" என்றார்.

ஆனால் பரிசளிப்பு நாளில் அவர் செய்ததை அங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாடசாலை மண்டபத்தில் எல்லாப் படங்களும் தொங்கின. நயீமாவின் படத்துக்குக் கீழே சிலர் நின்று, இது சோறா சூடடிப்பா என்று பகிடி பண்ணிக்கொண்டிருந்தார்கள். றெபரி காக்கா மேடையேறி மூன்றாம் விதியையும் ஐந்தாம் விதியையும் உரத்து வாசித்தார். தான் முதலில் பிழையாக ஊதியதைச் சொன்னார். எந்த வரம்பில் குந்தியிருந்து பார்த்தார் என்பதையும் சொன்னார். "இந்தப் படத்த யாரும் பாவம் பாத்து எடுக்கல்ல" என்று முடித்தார். பெண்கள் பக்கத்தில் ஒரு திரை போட்டிருந்தது. கை தட்டும் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்துதான் முதலில் வந்தது.

நயீமாவின் வாப்பா படத்துக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றார். போகும்போது என்னிடம், "கமரா அவட அலுமாரியில இரிக்கட்டும். மகனுக்கு வேற என்னத்தயும் வாங்கிக் குடுப்பம்" என்றார். அதற்குப் பிறகு பல வருடங்கள் என் கந்தோர் யன்னல் வழியாகச் சவூதிக்குத் தடித்த உறைகள் போயின. அந்தப் பிள்ளை நடந்தது, பல் விழுந்தது, பள்ளிக்கூடம் போனது எல்லாவற்றுக்கும் முத்திரை குத்தியவன் நான்.

இப்போது அந்த மன்றம் பூட்டிக் கிடக்கிறது. தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையில் நடந்த கசப்புகளைப் பற்றி இங்கே நான் எழுதப்போவதில்லை. தவராசா மாஸ்டர் ஜனாஸாவுக்கு வந்தார். சைக்கிளில், தனியாக, சுற்று வழியால் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

றெபரி காக்கா கோபம் வந்தால் கத்துவார். அளவு பிசகினால் திருப்புவார். சொந்தக்காரன், கூட்டாளி என்று பார்க்கமாட்டார். அதற்காக அவரை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் ஏசியிருக்கிறேன். இனி ஏச ஆளில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சுவது ஒன்றுதான். ஒரு விதியைக் காட்டி ஒருவருக்கு இல்லை என்று சொல்ல வாய் எடுக்கும்போது, அந்த விதி அவரை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறது என்று போய்ப் பார்க்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. கந்தோரில் இதனால் எனக்கு நல்ல பெயர் இல்லை.

ஜனாஸாவை வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது அவர் வீட்டுப் பின்வாசலிலிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். முக்காடு போட்ட நயீமா. அழுது முகம் வீங்கியிருந்தது.

"காக்கா, மையவாடிக்குப் பொம்புளயள் எங்களுக்கு வர ஏலாதே" என்றார். "என்ட பேர்ல ஒரு புடி மண் போடுங்க."

மையவாடியில், கபுறுக் குழியில் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவது எங்கள் வழக்கம். நான் என் மூன்று பிடியையும் போட்டுவிட்டு விலகினேன். மண்வெட்டிக்காரர் மண்ணைத் தள்ளக் குனிந்தார். நான் திரும்பவும் முன்னால் போய்க் குந்தினேன்.

"நீங்க போட்டாச்சே" என்றார் பள்ளிவாசல் மோதினார்.

"இது நயீமாட" என்றேன்.

மோதினார் என்னைப் பார்த்தார். பிறகு மண்வெட்டிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.